ஒரு தாவரம், பல பணிகள்: தாவர இனங்களும் சூழலமைப்பின் இயக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூழலமைப்பின் பணி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நிலத்தில் உயிர்களும் மண்ணும் நீரும் காற்றும் சேர்ந்து இடைவிடாமல் நடத்திவரும் செயல்களையே பணி என்கிறோம். வெயிலைப் பிடித்துத் தண்டாகவும் இலையாகவும் வேராகவும் மாற்றுவது, உதிர்ந்த சருகை மட்கச் செய்வது, தழைச்சத்தை (நைட்ரஜனை) மழைநீரோடு கழிந்துபோக விடாமல் மண்ணில் நிறுத்துவது, மழையை நிலத்துக்குள் இறக்குவது, கரிமத்தைச் சேமிப்பது, வண்டுக்கும் தேனீக்கும் தீனி தருவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும். மனிதருக்குப் பயன் உண்டோ இல்லையோ இவை நடந்துகொண்டுதான் இருக்கும். இவற்றுள் நமக்கு நேரடியாகப் பயன்படும் பகுதியைச் சூழல் சேவை என்று தனியே குறிப்பிடுவது வழக்கம். கீழே பணி என்று வரும் இடமெல்லாம் அளக்கக்கூடிய ஒன்றையே குறிக்கிறது: ஒரு சதுர மீட்டரில் ஓராண்டில் விளைந்த உலர் எடை எத்தனை கிராம், புதைத்த சருகில் மூன்று மாதத்தில் எவ்வளவு கரைந்தது என்பன போன்றவை.

ஒரே தாவரம் பல பணிகளை எப்படிச் செய்கிறது?

ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் சிவப்புக் கிளோவரை எடுத்துக்கொள்வோம். இது அவரைக் குடும்பத்துச் செடி. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. அதனால் செடியின் இலையில் தழைச்சத்து மிகுதியாக இருக்கிறது. தழைச்சத்து மிகுந்த இலை விரைவாக ஒளிச்சேர்க்கை செய்கிறது. அதே இலை உதிர்ந்தால் விரைவாக மட்கி, பக்கத்தில் நிற்கும் புல்லுக்கும் உரமாகிறது. உயிரோடு இருக்கும்போது முயலுக்கும் மாட்டுக்கும் பூச்சிக்கும் விருப்பமான தீனியாகிறது. பூத்தால் நீண்ட நாக்குள்ள பெருந்தேனீக்களை (பம்பிள் பீ) வரவழைக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பணிகள் ஒவ்வொன்றும் தனித்தனித் திறமை அல்ல என்பதுதான். இலையில் உள்ள தழைச்சத்தின் அளவு என்ற ஒரே பண்பு வளர்ச்சி, மட்குதல், மேய்ச்சல் ஆகிய மூன்றையும் ஒருசேர நிர்ணயிக்கிறது. வேரின் ஆழம், இலையின் தடிமன், செடியின் உயரம், பூக்கும் பருவம் போன்ற பண்புகளும் இவ்வாறே ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளைத் தொடுகின்றன. எனவே ஒரு செடியிடமிருந்து ஒரு பணியை மட்டும் பெற்றுக்கொண்டு மற்றதை விலக்கிவிட முடியாது. அவை கட்டாகவே வருகின்றன.

அப்படியானால் எல்லாப் பணிகளையும் நன்றாகச் செய்யும் ஒரே இனத்தைத் தேர்ந்து நட்டால் போதாதா?

நியாயமான கேள்வி. ஒரே ஒரு பணியை மட்டும் எண்ணினால் பெரும்பாலும் போதும் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பல்லுயிர் ஆதரவாளர்கள் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் தரவு அப்படித்தான் சொல்கிறது. பிராட்லி கார்டினேலும் பிறரும் 2007இல் 44 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பல இனக் கலவைகள் தனி இனப் பாத்திகளைவிடச் சராசரியாக 1.7 மடங்கு உயிர்நிறை (விளைந்த செடிகளின் எடை) தந்திருந்தன. ஆனால் அந்தக் கலவையில் உள்ள மிகச் சிறந்த இனத்தைத் தனியாக விதைத்திருந்தால் கிடைத்திருக்கும் விளைச்சலைக் கலவை மிஞ்சியது 12 விழுக்காடு சோதனைகளில் மட்டுமே.

ஆகவே விளைச்சல் ஒன்றுதான் நோக்கம் என்றால், எது சிறந்த இனம் என்பது முன்கூட்டியே தெரியும் என்றால், அது எல்லா ஆண்டுகளிலும் சிறந்ததாகவே இருக்கும் என்றால், ஒரே இனம் போதும். இந்த மூன்று நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்று தளர்ந்தாலும் கணக்கு மாறிவிடுகிறது. முதல் நிபந்தனை தளர்வதைக் காட்ட ஸ்வீடன் நாட்டு உற்பத்திக் காடுகள் நல்ல சான்று. மர வளர்ச்சி, மண்ணில் கரிமச் சேமிப்பு, காட்டுப் பழங்களின் விளைச்சல், வேட்டை விலங்குகளுக்கான தீனி, தரைமட்டச் செடிகளின் வளம், பட்ட மரம் ஆகிய ஆறையும் அங்கே ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வு, இந்த ஆறையும் உயர்த்தும் மர இனம் ஒன்றுகூட இல்லை என்று கண்டது.

அதற்குக் காரணம் மேலே சொன்ன கட்டுதான். மெல்லிய, தழைச்சத்து மிகுந்த இலையைப் போடும் மரம் வேகமாக வளரும். அதன் சருகு சீக்கிரம் கரைந்து சத்தை விடுவிக்கும். ஆனால் மண்ணை மூடிக் காக்கும் சருகுப் படுகை அங்கே நீண்ட நாள் தங்காது. தடித்த, நார் மிகுந்த இலையைப் போடும் மரத்தில் எல்லாம் தலைகீழ். இரண்டையும் ஒரே மரம் செய்ய அதன் உடற்கூறு இடம் தருவதில்லை.

இதையெல்லாம் எங்கே, எப்படிச் சோதித்தார்கள்?

மிகுதியும் புல்வெளிகளில்தான் சோதித்தார்கள். புல்லும் சிறு செடிகளும் ஓரிரு ஆண்டில் நிலைகொண்டுவிடும். அறுத்து எடை போடலாம். காட்டில் அதே விடைக்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற ஆய்வு நிலத்தில் டேவிட் டில்மன் 1982 முதல் நூற்றுக்கணக்கான பாத்திகளைக் கண்காணித்து வந்தார். முதலில் அது நைட்ரஜன் உரம் பற்றிய ஆய்வு. 1988இல் கடும் வறட்சி வந்தது. இனங்கள் மிகுந்த பாத்திகளில் உயிர்நிறை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தபோது, இனங்கள் மிகக் குறைந்த பாத்திகளில் அது எட்டில் ஒரு பங்குக்கும் கீழே போனது. டில்மனும் ஜான் டவுனிங்கும் 1994இல் இதை வெளியிட்டதும் பெரும் விவாதம் எழுந்தது. அந்தப் பாத்திகளில் இனங்கள் குறைந்ததற்கே உரம்தான் காரணம். எனவே வறட்சியில் விழுந்தது இனக் குறைவாலா, உரத்தாலா என்று மைக்கேல் ஹஸ்டன் போன்றோர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது.

அந்தச் சிக்கல் வராதபடி இன எண்ணிக்கையை ஆய்வாளரே நிர்ணயித்து விதைத்த சோதனை 1994இல் அதே சீடர் கிரீக்கில் தொடங்கியது. ஒன்பது மீட்டருக்கு ஒன்பது மீட்டர் அளவுள்ள 168 பாத்திகளில் 1, 2, 4, 8, 16 என்ற எண்ணிக்கைகளில் இனங்களை விதைத்து, விதைக்காத களை முளைத்தால் பிடுங்கினார்கள். இந்த முறையில் மிகக் கடினமான வேலை களையெடுப்புதான். ஒவ்வோர் ஆண்டும் ஆட்கள் மண்டியிட்டு அதைச் செய்தார்கள். ஐரோப்பாவில் பயோடெப்த் என்ற கூட்டுத் திட்டம் கிரேக்கத்திலிருந்து ஸ்வீடன் வரை எட்டு இடங்களில் 480 பாத்திகளை அமைத்தது. ஜெர்மனியின் யேனா நகரில், சாலே ஆற்றின் வெள்ளச் சமவெளியில், 2002இல் 60 இனங்களைக் கொண்டு தொடங்கிய சோதனை மண்ணுயிர், பூச்சி, நீர், சத்து ஆகிய எல்லாவற்றையும் ஒரே பாத்திகளில் அளந்தது. பல பணிகளை ஒருசேர ஆராய்வதற்கு அந்தத் தரவே பெரும் சொத்தாக அமைந்தது.

பல பணிகளைச் சேர்த்துப் பார்த்தபோது என்ன புதிதாகத் தெரிந்தது?

ஆண்டி ஹெக்டரும் ராபர்ட் பாக்சியும் 2007இல் பயோடெப்த் தரவை வேறு விதமாகக் கேட்டார்கள். எத்தனை இனம் இருந்தால் விளைச்சல் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, இந்தப் பணியை எந்த எந்த இனம் பாதிக்கிறது என்று ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியாகக் கேட்டார்கள். தரைக்கு மேல் உயிர்நிறை, வேர், மட்குதல், மண்ணில் உள்ள தழைச்சத்து என ஏழு செயல்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் தயாரித்தார்கள். பட்டியல்கள் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று படிந்தன, முழுமையாகப் படியவில்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு புல்வெளியில் விளைச்சலை நான்கு இனங்கள் தாங்குகின்றன, சருகு மட்குவதையும் நான்கு இனங்கள் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பட்டியலுக்கும் பொதுவான இனங்கள் இரண்டு. அப்படியென்றால் இரண்டு பணிகளுக்கும் சேர்த்து ஆறு இனங்கள் வேண்டும். மண்ணில் சத்தை நிறுத்துவது என்ற மூன்றாவது பணியைச் சேர்த்து, அதன் பட்டியலில் புதிய பெயர் இரண்டு வந்தால் எட்டு. பட்டியல்கள் முழுமையாகப் படிந்திருந்தால் கடைசிவரை நான்கே போதும். சற்றும் படியாவிட்டால் பன்னிரண்டு வேண்டும். மெய்யான புல்வெளிகள் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நின்றன. ஒரே பணியை அளந்து, மூன்று நான்கு இனங்களுக்கு மேல் தேவையில்லை என்று முடிவு கட்டிய பழைய ஆய்வுகள் எவ்வளவு குறைத்து மதிப்பிட்டன என்பது இதனால் வெளிப்பட்டது.

அடுத்த அடியை 2011இல் ஃபாரஸ்ட் இஸ்பெல்லும் கூட்டாளிகளும் வைத்தார்கள். 17 புல்வெளிச் சோதனைகளில் இடம்பெற்ற 147 இனங்களையும் பணிவாரியாக மட்டுமல்லாமல் ஆண்டுவாரியாகவும் இடவாரியாகவும் சூழல் மாற்றவாரியாகவும் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 84 விழுக்காடு இனங்கள் ஒரு தடவையேனும் ஏதோ ஒரு பணியை உயர்த்தியிருந்தன. ஒரே பணிக்குக்கூட ஓர் ஆண்டில் உதவியவை ஒரு தொகுதி, அடுத்த ஆண்டில் உதவியவை வேறொரு தொகுதி.

84 விழுக்காடு என்றால் எல்லா இனமும் எப்போதும் இன்றியமையாதது என்று பொருளா?

இல்லை. ஒரு தடவையேனும் என்ற சொற்களை விட்டுவிட்டு இந்த எண்ணை மேற்கோள் காட்டுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட பாத்தியில், ஒரு குறிப்பிட்ட பணிக்குப் பெரும்பாலான இனங்கள் குறிப்பிடத்தக்க பங்கு எதையும் செலுத்தாமலே இருக்கலாம். ஒரு பணியை உயர்த்தும் இனம் இன்னொன்றைத் தாழ்த்தவும் செய்யலாம். உயரமாக வளர்ந்து விளைச்சலைக் கூட்டும் புல், அடியில் விழும் வெளிச்சத்தைக் குறைத்துச் சிறு செடிகளை ஒடுக்குவதைப் போல. அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: இன்று இங்கே சும்மா நிற்பதாகத் தோன்றும் செடியை, இன்றைய அளவீட்டை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டாத செடி என்று தீர்மானிக்க முடியாது.

ஒரு இனம் போனால் அதே வேலையை இன்னொன்று செய்யாதா?

சில வேளைகளில் செய்யும். ஒரே பணியை ஏறத்தாழ ஒரே மாதிரி செய்யும் இனங்கள் பல இருப்பதைச் சூழலியலில் பணி மிகைமை என்கிறார்கள். ஆனால் அந்த இனங்கள் பணியைச் செய்யும் விதத்தில் ஒத்திருந்தாலும், இடரைத் தாங்கும் விதத்தில் வேறுபட்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒன்று விழும்போது மற்றொன்று நிற்கும். எல்லாம் ஒரே இடரில் விழுமென்றால் எண்ணிக்கையால் பயனில்லை.

நம் கடற்கரையிலேயே இதைப் பார்க்கலாம். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்திலும் திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டையிலும் உள்ள அலையாத்திக் காடுகளில், அலையின் வேகத்தைத் தணிப்பது, வண்டலைப் பிடிப்பது, மீன் குஞ்சுக்கும் இறாலுக்கும் நிழலும் இரையும் தருவது ஆகியவற்றைப் பல மர இனங்கள் பகிர்ந்துகொள்கின்றன. சுரபுன்னை வாய்க்கால் ஓரத்தில் தாங்குவேர்களை ஊன்றி நிற்கிறது. உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. வெண்கண்டல் சேற்றிலிருந்து மேல்நோக்கி மூச்சுவேர்களை நீட்டுகிறது. உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. அதனால் உப்பு மிகுந்த இடத்தையும் தாங்குகிறது. தில்லை பெரும்பாலும் கரைப்பக்கம், சற்று மேடான இடத்தில் வளர்கிறது. கிளைகள் ஒடிந்தால் வெண்கண்டல் அடிமரத்திலிருந்து மீண்டும் தளிர்க்கும்; முதிர்ந்த சுரபுன்னைக்கு அந்தத் திறன் ஏறக்குறைய இல்லை. ஆகவே புயலில் முறிந்தால் மீள்வது எது, உப்பு ஏறினால் நிலைப்பது எது, வாய்க்கால் விளிம்பு சரியாமல் பிடிப்பது எது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே மரமாக இருப்பதில்லை. முத்துப்பேட்டைக் காட்டில் பெரும்பகுதி வெண்கண்டல்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையைத் தாக்கியபோது காடு கடுமையாகச் சேதமடைந்தது. ஏறக்குறைய ஒரே இனத்தாலான காடு என்பதால், மீட்சியும் அந்த ஒரே இனத்தின் தளிர்ப்பையும் விதையையும் நம்பியே நடக்க வேண்டியிருந்தது.

காலம் செல்லச் செல்ல மிகைமை குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீடர் கிரீக் சோதனைகளின் நீண்டகாலத் தரவை 2012இல் ஆராய்ந்த பீட்டர் ரைக் முதலானோர், தொடக்க ஆண்டுகளில் சில இனங்களிலேயே உச்சத்தை எட்டி நின்றுவிட்டதாகத் தோன்றிய விளைச்சல், பிந்தைய ஆண்டுகளில் கடைசி இனம் வரை கூடிக்கொண்டே போனதைக் கண்டார்கள். மூன்றாண்டு ஆய்வின் முடிவை வைத்து இது போதும் என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

எண்ணிக்கைதான் முக்கியமா, எந்த இனம் என்பதுதான் முக்கியமா?

இரண்டும். இந்தப் பூசலுக்கு ஒரு வழி காட்டியது, மிஷெல் லோரோவும் ஹெக்டரும் 2001இல் தந்த கணக்கிடும் முறை. பல இனப் பாத்தியின் கூடுதல் விளைச்சலை அவர்கள் இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒன்று, இனங்கள் அதிகமானால் அவற்றுள் ஒரு வலுவான இனமும் இருக்க வாய்ப்பு அதிகமாகி, அதுவே பாத்தியை ஆள்வதால் வருவது. மற்றொன்று, ஆழ வேர் ஒன்று, மேல் வேர் ஒன்று, வசந்தத்தில் வளர்வது ஒன்று, கோடையில் வளர்வது ஒன்று என இனங்கள் வளத்தைப் பங்கிட்டுக்கொள்வதாலும் ஒன்றுக்கொன்று உதவுவதாலும் வருவது. சீடர் கிரீக்கில் இரண்டாவது கூறு ஆண்டுதோறும் வலுத்தது. அங்கே அவரைக் குடும்பத்துச் செடிகளும் வெப்பகாலத்தில் செழிக்கும் உயரமான புற்களும் சேர்ந்திருந்த பாத்திகள் குறிப்பாகச் சிறந்தன.

மிகுதியாக உள்ள இனம்தான் பெரும்பாலான பணிகளை நடத்துகிறது, அரிய இனம் கணக்கில் வராது என்ற வாதமும் உண்டு. எடை, கரிமம் போன்ற மொத்த அளவுகளுக்கு இது ஏறக்குறைய உண்மையே. ஆனால் வேறு யாரும் பூக்காத மாதத்தில் பூக்கும் ஓர் அரிய செடி, அந்த மாதத்துத் தேனீக்களுக்கு ஒரே தீனியாக இருக்கலாம். தராசில் அது தெரியாது.

தாவர வகைமை, அதாவது தாவர இனங்களின் பன்மை, மற்ற உயிர்களையும் தொடுகிறதா?

தொடுகிறது. யேனா பாத்திகளில் பூச்சிகளையும் மண்ணுயிர்களையும் எண்ணிய ஆய்வு 2010இல் வெளியானது. தாவர வகைமை கூடினால் தாவரம் தின்னும் உயிர்களின் வகைமையும் கூடியது. அவற்றைத் தின்னும் உயிர்களிடம் அந்த விளைவு இருந்தாலும் மெலிந்திருந்தது. தரைக்கு மேலே விளைவு வலுவாகவும் மண்ணுக்குள் அதைவிட மென்மையாகவும் இருந்தது.

பல பணிகளை ஒரே எண்ணாகச் சுருக்கலாமா?

சுருக்குகிறார்கள், ஆனால் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஒவ்வொரு பணியையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து சராசரி எடுப்பது ஒரு முறை. இதில் விளைச்சல் மிக நன்று, நீர் மிக மோசம் என்ற நிலமும், இரண்டும் நடுத்தரம் என்ற நிலமும் ஒரே மதிப்பெண் பெறும். நீருக்காக அந்த நிலத்தை நம்பியிருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. மற்றொரு முறை, உச்ச அளவில் பாதி அல்லது முக்கால் என்று ஒரு வரம்பு வைத்து, எத்தனை பணிகள் அந்த வரம்பைத் தாண்டின என்று எண்ணுவது. இதில் வரம்பை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். வரம்பை மிக உயர்த்தினால் எந்தக் கலவையாலும் எல்லாப் பணிகளையும் தாண்டவைக்க முடிவதில்லை. என் கருத்தில், ஒற்றை எண்ணுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு பணியின் தனி அளவையும் அச்சிடாத ஆய்வை அரைகுறை என்றே கொள்ள வேண்டும்.

விதைத்து வளர்த்த பாத்தியில் கண்டது இயற்கை நிலத்துக்குப் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இயற்கையில் இனங்கள் தற்செயலாகச் சேர்வதில்லை. மண்ணும் மழையும் மேய்ச்சலும் அவற்றைத் தேர்கின்றன. ஆனாலும் திசை ஒன்றாகவே இருக்கிறது. ஃபெர்னாண்டோ மேஸ்ட்ரே தலைமையில் 2012இல் வெளியான ஆய்வு, அண்டார்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் 224 வறள் நிலங்களில் கரிமம், நைட்ரஜன், பாஸ்பரஸ் சார்ந்த 14 பணிகளை அளந்தது. பல்லாண்டுத் தாவரங்களின் இனவளம் கூடிய இடத்தில் பணிகளின் மொத்த நிலையும் கூடியிருந்தது. விளைவு பெரிதல்ல, வெப்பமும் மண்ணின் மணற்பாங்கும் அதே அளவுக்கோ கூடுதலாகவோ பேசின. ஆனால் அது உலகெங்கும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது.

மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் மரம் என்றால் எங்கும் நடலாமா?

கூடாது என்பதற்கு நீலகிரியைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அங்குள்ள மலைப் புல்வெளி, சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய புற்களால் ஆனது; பள்ளங்களில் சோலைக் காடும் மேட்டில் புல்லுமாக நிற்கும் அந்த அமைப்பு மழையை உள்வாங்கிக் கோடையிலும் ஓடைகளுக்கு விட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புல்வெளியைப் பயனற்ற வெற்றிடம் என்று கருதி, 1843 முதல் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டசும், பின்னர் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் வாட்டில் எனப்படும் சீகை மரமும் நட்டார்கள். கேட்டது ஒரே பணி. அதை அந்த மரங்கள் நன்றாகவே செய்தன.

மற்ற பணிகளின் கணக்கு பிறகு வந்தது. உதகமண்டலத்தில் உள்ள மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளென்மார்கன் பகுதியில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் 1972இல் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில், மரம் நட்ட பக்கத்தில் ஓடைக்கு வந்த நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வாட்டில் அவரைக் குடும்பத்து மரம். அது சேர்க்கும் தழைச்சத்து மண்ணை வளப்படுத்துகிறது என்று கேட்டால் நல்லதாகத் தோன்றும். ஆனால் ஏழை மண்ணுக்குப் பழகிய புல்லுக்கு அந்த வளமே பகை; மண் மாறினால் அங்கே புல் திரும்புவது கடினமாகிறது. ஐரோப்பியப் பாத்தியில் சிவப்புக் கிளோவரைச் சிறப்பித்த அதே பண்பு இங்கே கேடாகிறது. எந்தப் பண்பும் எல்லா இடத்துக்கும் நல்லதல்ல. எந்த மண், எந்தப் பணி என்று கேட்டுத்தான் சொல்ல முடியும்.

சீமைக் கருவேலம் பல பணிகளைச் செய்கிறதே, அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

செய்கிறது என்பது உண்மை. அதற்கும் வேர் முடிச்சு உண்டு. உவர் நிலத்தில் வளரும். தென் மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. எதிர்ப்புக்குக் காரணம், அது தனியாக எத்தனை பணி செய்கிறது என்பதல்ல; அது அடர்ந்த இடத்தில் மற்ற இனங்கள் குறைந்து, அவை செய்துவந்த பணிகளும் மேய்ச்சலும் கண்மாயின் கொள்ளளவும் போவதுதான். ஆனால் வெட்டி அகற்றிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால், அடிக்கட்டையிலிருந்தும் மண்ணில் கிடக்கும் விதையிலிருந்தும் அதுவே மீண்டும் வரும். அகற்றுவதும் வேறு இனங்களை நிலைகொள்ளச் செய்வதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

வயலுக்கு இதில் ஏதேனும் உண்டா?

மானாவாரி நிலத்தில் சோளத்தோடு தட்டைப்பயறோ துவரையோ ஊடுபயிராக விதைப்பவருக்கு இது புதிதல்ல. பயறு தழைச்சத்தைத் தருகிறது, நிலத்தை மூடுகிறது. துவரையின் ஆணிவேர் சோளத்தின் சல்லிவேர் எட்டாத ஆழத்துக்குப் போகிறது. மழை பிந்தினால் ஒன்று போனாலும் மற்றது கைக்கு வரும். சோளத்தை மட்டும் எடை போட்டால் தனிப்பயிரே அதிகம் தந்ததாகத் தெரியும்.

மரம் நட முனைவோர் எதைப் பார்த்து இனங்களைத் தேர வேண்டும்?

முதலில், அந்த இடத்தில் இப்போது எந்தப் பணிகள் நடக்கின்றன என்று பார்க்க வேண்டும்; புல்வெளியும் முட்புதரும் வெற்றிடம் அல்ல. அடுத்து, வேண்டிய பணிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு இனங்களையேனும் குறிக்க வேண்டும். அந்த இரண்டும் ஒரே நோயிலோ ஒரே வறட்சியிலோ சாகக்கூடியவையாக இருக்கக் கூடாது. பூக்கும் மாதம், வேரின் ஆழம், இலை உதிரும் காலம் ஆகிய மூன்றிலும் வேறுபாடு இருந்தால் பெரும்பாலான தேவைகள் தாமாகவே நிறைவேறும். நாற்றங்காலில் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரே மரத்தில் ஆயிரம் கன்று வாங்குவதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது. நட்ட கன்றின் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக் கணக்கு வாங்கும் முறை இருக்கும்வரை அது மாறுவதும் கடினம்.

கருவிகள் இல்லாமல் நாமே ஏதேனும் அளந்து பார்க்க முடியுமா?

முடியும். சருகு மட்கும் வேகத்துக்கு, பயோடெப்த் ஆய்வாளர்கள் பருத்தித் துணியையும் புதைத்துப் பார்த்தார்கள். சாயமேற்றாத தூய பருத்தித் துணியை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டி, உலர்த்தி எடை போட்டு, ஒரே ஆழத்தில் பல இடங்களில் புதைத்து, ஒரே நாளில் தோண்டி எடுத்து, மண்ணைத் தட்டி உலர்த்தி மீண்டும் எடை போட்டால், எங்கே எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். நீர் இறங்கும் வேகத்துக்கு, இரு பக்கமும் திறந்த தகர டப்பாவை மண்ணில் சில விரற்கடை அழுத்தி, அளந்த நீரை ஊற்றி, அது வற்றும் நேரத்தைக் குறித்தால் போதும். பூச்சி வரத்துக்கு, ஒரே பரப்பைக் காலையில் பத்து நிமிடம் பார்த்து, பூவில் வந்து அமர்பவற்றை எண்ணலாம். ஒரே மரம் நட்ட இடம், பலவகைச் செடிகள் நிற்கும் இடம், வெறும் புல் நிற்கும் இடம் என்று மூன்றைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். ஒரே ஒரு துணியை நம்பக் கூடாது. ஐப்பசி மழையில் ஒரு முறையும் சித்திரை வெயிலில் ஒரு முறையும் இதைச் செய்துவிட்டு, ஒவ்வொரு பணியிலும் முதலில் நிற்கும் இடம் எது என்று தனித்தனியே வரிசைப்படுத்துங்கள்.